கோட்டைக் கிளி

எங்கள் கொள்ளுத்தாத்தா மரச்சிற்ப ஆசாரி. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் தேரும் வாகனமும் செய்தவர். வீட்டில் மிஞ்சியது முனை மழுங்கிய இரண்டு உளியும் ஒரு கொட்டாப்புளியும்தான். அவர் கைவேலை ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவோடு கிளம்பினேன்.

முதலில் வேலூர்க் கோட்டை. அது அவருடைய பள்ளிக்கூடம். கோட்டைக்குள் இருக்கும் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர். வெளியே சத்துவாச்சாரியில் இருந்தவர், 1981-ல்தான் கோட்டைக்குத் திரும்பினார். தாத்தா காலத்தில் கருவறை காலி. பூஜையும் இல்லை, கூட்டமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் மல்லாந்து படுத்து, விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாராம். சாமி இல்லாத கோயிலில் அவருக்கு என்ன கிடைத்தது என்பது அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அப்பாவும் படுக்கப் பார்த்தார், காவலாளி விடவில்லை. சரி என்று அகிலாண்டேஸ்வரியைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வழியில் விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பேர்போன ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல்லில் குச்சி வைத்து மணி பார்த்தார் அப்பா. கைக்கடிகாரத்தோடு ஒத்துவரவில்லை. "கடிகாரம்தான் தப்பு" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் பாலாற்றங்கரையில் ஒரு சின்ன சிவன் கோயில். சிலையும் வாகனமும் களவு போகிற காலம், ஊர்ப்பேர் வேண்டாம். தாத்தா செய்த ரிஷப வாகனம் அங்கேதான் இருக்கிறது என்பது வீட்டுப் பேச்சு. குருக்கள் வாகன அறையைத் திறந்துவிட்டார். வருஷா வருஷம் அடித்த எனாமல் பெயிண்டில் காளையின் இமைகூடத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பக்தி என்ற பேரில் உளிவேலையை மூடுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

"கழுத்துச் சலங்கைக்கு அடியில ஒரு கிளி இருக்கும்டா, பாட்டி சொல்லியிருக்காங்க" என்றார் அப்பா. டார்ச் அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் செருப்பில்லாத காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். சலங்கை, சலங்கை, கயிறு. அப்புறம் விரல் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். வளைந்த மூக்கு, ஒடுங்கிய வால். தலை கீழே இருந்தது.

குருக்கள் எதுவும் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். "பிரதோஷத்துக்கு வாங்க ஐயா. சாமி இதுலதான் புறப்பாடு" என்றார்.