முதல் ஆர்வி வாங்கியாச்சு: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

ஆர்வி (உள்ளேயே படுத்து, சமைத்து, குளித்துப் பயணம் போகும் வீட்டு வண்டி) வாங்கும்போது பல டீலர்கள் கையோடு ஒரு 'ஸ்டார்ட்டர் கிட்' கொடுத்து அனுப்புவார்கள். நீளம் போதாத தண்ணீர் ஹோஸ், மெல்லிய கழிவு ஹோஸ், ஒரு பாட்டில் டேங்க் கெமிக்கல். ஒன்றிரண்டு வார இறுதிக்கு ஓடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடைக்குப் போனால் மடக்கு நாற்காலியும் வண்ண விளக்குச் சரமும்தான் முதலில் கண்ணில் படும். வாங்கும் வரிசையை முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: இது இல்லாவிட்டால் வண்டியில் எது கெடும்? பதில் இருந்தால் இப்போதே வாங்குங்கள். பதில் 'ஒன்றும் கெடாது' என்றால் மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே வரும் வோல்ட், ஆம்ப் கணக்கெல்லாம் அமெரிக்கா, கனடா வண்டிகளுக்கு உரியவை.

கரன்ட்

கஞ்சத்தனம் கூடவே கூடாத இடம் இது. வண்டி 30 ஆம்பா, 50 ஆம்பா என்பது பிளக்கைப் பார்த்தாலே தெரியும். மூன்று முள் இருந்தால் 30 ஆம்ப்: ஒரே ஒரு 120 வோல்ட் லைன், மொத்தம் 3,600 வாட். நான்கு முள் என்றால் 50 ஆம்ப்: 120 வோல்ட் லைன் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், ஆக 12,000 வாட். 20 ஆம்ப்தான் வித்தியாசம் போலத் தெரியும். உண்மையில் மூன்று மடங்குக்கு மேல். 30 ஆம்ப் வண்டியில் ஏசி ஓடும்போதே 12 முதல் 15 ஆம்ப் போய்விடும். மைக்ரோவேவ் ஏறக்குறைய இன்னொரு 12. வாட்டர் ஹீட்டரையும் கரன்டில் போட்டால் மேலும் 12. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். அது பழுதில்லை, கணக்கு.

வாங்க வேண்டிய பொருள் ஈஎம்எஸ், அதாவது வரும் கரன்டைச் சோதித்து, கோளாறு என்றால் துண்டித்துவிடும் பெட்டி. சாதாரண சர்ஜ் புரொடெக்டர் மின்னல் போன்ற திடீர் ஏற்றத்தை மட்டும்தான் தடுக்கும். ஆர்வி பார்க்குகளில் (வண்டியை நிறுத்தி, கரன்டும் தண்ணீரும் இணைத்துத் தங்கும் இடங்கள்) வழக்கமாக வரும் தொல்லை அதுவல்ல, குறைந்த வோல்டேஜ். கோடை மதியத்தில் எல்லா வண்டியும் ஏசி போட்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கும், உங்கள் ஏசி கம்ப்ரசர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும், நாளடைவில் எரிந்து போகும். நல்ல ஈஎம்எஸ் 104 வோல்டுக்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் தானே இணைப்பைத் துண்டிக்கும். நியூட்ரல் அறுந்திருப்பது, எர்த் இல்லாதது, லைனும் நியூட்ரலும் மாறியிருப்பது எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். 50 ஆம்ப் வண்டிக்காரர்கள் நியூட்ரல் விஷயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது விட்டுப்போனால் இரண்டு லைனும் சேர்ந்து 240 வோல்டாகி, பாரம் குறைவான பக்கத்தில் வோல்டேஜ் எகிறும். டிவி, மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் நொடியில் காலி.

வீட்டில் 30 ஆம்ப் ஆர்வி அவுட்லெட் போடச் சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மாடல் துணி உலர்த்தி அவுட்லெட்டும் இதுவும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. ஆர்வி பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் இதற்கும் 240 வோல்ட் இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வண்டியைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்து 120 காட்டுகிறதா என்று பாருங்கள்.

பார்க்கில் இணைக்கும் முறை: அங்குள்ள மின்தூணில் பிரேக்கரை அணைக்கவும். ஈஎம்எஸ்ஸை மட்டும் செருகி, பிரேக்கரைப் போட்டு, அது என்ன சொல்கிறது என்று பார்க்கவும். சரியாக இருந்தால் மறுபடி அணைத்து, வண்டிக் கேபிளை மாட்டி, பிறகு போடவும். கழற்றும்போதும் பிரேக்கர் முதலில். பாரம் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து முள் கறுக்கும்; கறுத்த முள் அடுத்த முறை சூடாகும்; சூடு பிளக்கையே உருக்கும்.

அடாப்டர் இரண்டு தேவை: உங்கள் வண்டி 50 என்றால் 30 ஆம்ப் அவுட்லெட்டில் மாட்டும் 'டாக்போன்' ஒன்று, வீட்டு 15 ஆம்ப் அவுட்லெட்டில் மாட்டுவது ஒன்று. அடாப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும், ஆம்பைக் கூட்டாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஏசி ஓட்ட வேண்டாம்.

நல்ல தண்ணீர்

பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் எந்தக் குழாயிலும் இணைக்காதீர்கள். வண்டியின் குழாய்களும் மூட்டுகளும் 40 முதல் 60 பிஎஸ்ஐ (நீர் அழுத்த அளவு) வரை நிம்மதியாக இருக்கும். சில பார்க்குகளில் 100 தாண்டும். பகலில் எல்லோரும் குளிக்கும்போது 50 இருந்தது, நள்ளிரவில் யாரும் பயன்படுத்தாதபோது ஏறும்; சிங்க்குக்கு அடியில் மூட்டு விட்டு நீங்கள் தூங்கும்போதே தரை ஊறும். மலிவான பித்தளை ரெகுலேட்டர் காக்கும், ஆனால் ஷவர் சொட்டும். மீட்டர் வைத்த, திருகி மாற்றக்கூடியதை வாங்கி 50-இல் வையுங்கள். வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள், ஹோஸும் பிழைக்கும்.

ஹோஸ் 25 அடி ஒன்று, 10 அடி ஒன்று. தோட்டத்து ஹோஸ் வேண்டாம். சிலவற்றின் பித்தளை முனையிலும் பிளாஸ்டிக்கிலும் ஈயம் இருக்கும். குடிநீருக்கு என்று சான்று பெற்றதாக இருக்கட்டும். கார்பன் ஃபில்டர் ஒன்றை இடையில் மாட்டலாம். சீசனுக்கு ஒன்று மாற்ற வேண்டும். கூடவே ரப்பர் வாஷர் ஒரு பாக்கெட். ஹோஸ் சொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த வாஷர்தான்.

புது வண்டியானாலும் பழையதானாலும் முதல் வேலை நல்ல தண்ணீர் டேங்கைக் கழுவுவது: 15 கேலனுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச். தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்பி, பம்பைப் போட்டு எல்லாக் குழாயிலும் பிளீச் வாசம் வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்து, மறுநாள் வாசம் போகும்வரை அலசவும். வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்பாமல் மின் ஸ்விட்சைத் தொடாதீர்கள். காய்ந்த டேங்கில் அந்த எலிமென்ட் நிமிடம்கூடத் தாங்காது. குளிர்காலத்துக்கு மூடி வைத்த வண்டியில் பைபாஸ் வால்வு (ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் திருப்பிவிடுவது) திருப்பியே இருக்கும். ஹீட்டர் காலியாகக் கிடப்பதற்கு அதுதான் வழக்கமான காரணம்.

கழிவு

இதைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள். கழிப்பறைக்கு பிளாக் டேங்க், குளியலுக்கும் சிங்க்குக்கும் கிரே டேங்க். தேவையான பொருள்கள்: கனமான 3 அங்குல ஹோஸ் 15 அடி, கூடுதலாக 5 அல்லது 10 அடி, உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும் கண்ணாடி போன்ற வளைமூட்டு, ஒரு பெட்டி நைட்ரைல் கையுறை. ஹோஸைச் சரிவாகத் தாங்கும் மடக்குத் தாங்கியும் வேண்டும். ஹோஸ் தரையில் தொய்ந்தால் கழிவு அங்கே தங்கும். டேங்க் அலச ஒரு தனி ஹோஸ். அது குடிநீர் ஹோஸ் நிறத்தில் இருக்கவே கூடாது, இரண்டும் ஒரே பெட்டியில் படுக்கவும் கூடாது.

பார்க்கில் இணைத்தவுடன் பிளாக் வால்வைத் திறந்தே விடுவது புதியவர்களின் முதல் தப்பு. நீர் மட்டும் வழிந்துவிடும். திடப்பொருளும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து இறுகும். கெட்டியானால் ஆள் வைத்து அதிக அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டியதுதான். வால்வு மூடியே இருக்கட்டும்; மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை காத்திருங்கள். ஃபிளஷ் செய்யும்போது தண்ணீரில் சிக்கனம் வேண்டாம். 'ஆர்வி பேப்பர்'தான் வேண்டும் என்றில்லை: ஒரு ஜாடித் தண்ணீரில் நான்கு துண்டு போட்டுக் குலுக்கினால் நாராகப் பிரிய வேண்டும், அவ்வளவுதான். ஈரத் துடைப்பான்கள் எதையும் போடாதீர்கள், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும்.

காலி செய்யும் வரிசை: கையுறை போட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா பார்த்து, மூடியைத் திறந்து, ஹோஸைத் திருகி இரு பக்கக் கொக்கியும் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கவும். முதலில் பிளாக். ஓட்டம் நின்றதும் மூடிவிட்டு கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். முடிந்ததும் பிளாக் டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் கெமிக்கலும் ஊற்றி வைக்கவும். டேங்க் அளவு காட்டும் விளக்குகளை முழுக்க நம்பாதீர்கள். சென்சாரில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் காலி டேங்கும் நிறைந்ததாகவே காட்டும்.

சமமட்டம், சக்கரம்

காஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் வண்டியைச் சமமாக நிறுத்துவது அழகுக்காக அல்ல. உள்ளே அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் ஓடுகிறது. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது தேங்கிச் சூடேறி, குளிரூட்டும் பகுதி நிரந்தரமாகக் கெடும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை இல்லை. லெவலிங் பிளாக் பத்து, அல்லது வளைந்த லெவலர் ஒரு ஜோடி. டிரெய்லரில் (வேறு வண்டி இழுத்துச் செல்லும் ஆர்வி) முதலில் பக்கவாட்டு மட்டம், பிறகு சக்கரத்துக்கு இரு பக்கமும் அடைகல், அதற்குப் பிறகே ஹிட்சை (இழுக்கும் வண்டியோடு சேர்க்கும் இணைப்பு) கழற்றுவது, கடைசியில் முன்பின் மட்டம். அடைகல்லை மறந்து கழற்றினால் வண்டி நகரும். மூலைகளில் இருக்கும் ஸ்டெபிலைசர் ஆட்டத்தை நிறுத்தத்தான், தூக்க அல்ல.

டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வயதாகிச் சாகும். பக்கச் சுவரில் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3522 என்றால் 2022-இன் 35-ஆம் வாரம். ஐந்து ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள். டயர் பிரஷர் மானிட்டர் ஆடம்பரம் போலத் தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால், இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. கிழிந்த ரப்பர் சக்கரக் கூட்டை அடித்து நொறுக்கி வயரையும் குழாயையும் அறுத்துவிடும். டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த விசைக்கு இறுக்கும் கருவி) ஒன்றும் வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். ஜாக்கியை அச்சில் வைக்காதீர்கள், வளைந்துவிடும், சேசிஸில்தான்.

காஸும் கருவிப் பெட்டியும்

காஸ், கார்பன் மோனாக்சைடு டிடெக்டர்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 வருடம். பழைய வண்டி வாங்கினால் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்ப்பது வருடம் ஒருமுறை.

பெட்டியில்: மல்டிமீட்டர், 5 முதல் 30 ஆம்ப் வரை பிளேட் ஃபியூஸ், டெஃப்லான் டேப், பியூட்டில் டேப், கூரைக்கான தானே பரவும் சீலன்ட், தலையில் மாட்டும் டார்ச். சீலன்ட் உங்கள் கூரை ரப்பருக்கு ஒத்துப்போவதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்த்து வெடிப்புகளை மூடினால் போதும். ஆர்வியைக் கொல்வது ஓட்டம் அல்ல, கூரை வழியே சொட்டும் மழை.

ஜெனரேட்டர், சோலார், லித்தியம் பேட்டரி இவற்றைத் தள்ளிப்போடுங்கள். பார்க்கிலேயே தங்குபவர்களுக்கு அவை எடை மட்டுமே. லித்தியத்துக்கு மாறுவதென்றால் பேட்டரியோடு முடியாது: பல பழைய கன்வெர்டர்கள் (பார்க் கரன்டை மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டிகள்) அதை முழுமையாகச் சார்ஜ் செய்யாது, 14.4 வோல்டாவது தருவது வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்கள் கெடும், அதனால் பேட்டரி வெளியே முன்பக்க இழுவைச் சட்டத்தில் இருக்கும் வண்டிகளுக்கு இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.