வம்பு சிமென்ட்டில்

பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் ஷேல் (களிப்பாறை அடுக்கு) எரிவாயு என்றாலே பாறையை உடைப்பதைத்தான் பேசுகிறார்கள். வம்பு பெரும்பாலும் மேலே, சிமென்ட்டில். ஷேல் பல இடங்களில் 5,000 அடிக்கும் கீழே. குடிநீரோ சில நூறு அடியில். எரிவாயுக் கிணற்றின் இரும்புக் குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே ஏற்றும் சிமென்ட்தான் குடிநீருக்குக் காப்பு.

குழாய் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஒடுக்கில் துளைச்சேறு (துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் குழம்பு) தங்கிவிடும், சிமென்ட் போகாது. அதைவிட மோசம், சிமென்ட் கூழ் இறுகத் தொடங்கும் நேரம். அப்போது அதன் அழுத்தம் குறையும்; ஷேலுக்கு மேலே உள்ள இடை அடுக்குகளின் மீத்தேன் வாயு நுழைந்து நூல் மாதிரி வழி போட்டுவிடும். அப்புறம் இறுகி என்ன பயன்?

பென்சில்வேனியாவின் டிமாக் என்ற ஊரில் 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்தது மீத்தேனால்தான்.

எரிவாயுக் கிணற்றின் தலையில், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரு குழாய்களுக்கு நடுவே உள்ள அழுத்தமானியைப் பாருங்கள். வால்வைத் திறந்து இறக்கி, மூடிய பிறகும் முள் மறுபடி ஏறினால் எங்கோ கசிகிறது.