மெயின் பேரிங் இடைவெளி: எங்கள் பட்டறைப் பாடம்

எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்சாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "இலகுவாகச் சுழல்கிறது, சேர்" என்று சொன்ன எந்த மாணவனையும் எங்கள் வாகனப் பட்டறை ஆசிரியர் எஞ்சினை மூட விட்டதில்லை. அந்தத் தண்டைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங்குகளுக்கும் உரிய இடைவெளி எண்கள் குறிப்பேட்டில் வரிசையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினைப் பிரிப்பதில் நாங்கள் காட்டிய வேகத்தை ஒருபோதும் கண்டிக்காத அவர், அளவெடுக்கும் மேசைக்கு வந்தவுடன் வேறு மனிதராகிவிடுவார்.

அதற்கான காரணத்தை அவர் முதல் வகுப்பிலேயே விளக்கினார். ஓடும் எஞ்சினில் கிராங்க்சாஃப்ட் பேரிங் உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. அழுத்தத்துடன் வரும் எண்ணெய் அமைக்கும் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலான இந்த இடைவெளி குறைந்தால் படலம் நிலைபெற இடமின்றிச் சூடேறிப் பேரிங் கடித்துவிடும். கூடினால் எண்ணெய் ஓரங்களால் வழிந்து, அழுத்தம் இறங்கி, சுமை ஏறும்போது அடிவயிற்றிலிருந்து கனத்த தட்டொலி கேட்கும். ஓரங்களால் வழியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிப்பெருக்கத்தின்படி கூடுவதால், இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஜர்னலின், அதாவது பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதியின், விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய பட்டறைக் கணக்கு, 60 மி.மீ. ஜர்னலுக்கு அது 0.06 மி.மீ. இக்காலச் சிறிய கார் எஞ்சின்கள் பலவற்றுக்குக் கையேடுகள் 0.02 முதல் 0.05 மி.மீ. வரையே தருகின்றன. ஆகவே கையேடு கையில் இருக்கும்போது பழைய கணக்கை நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

மைக்ரோமீட்டரைத் தொடுவதற்கு முன் துடைப்பதற்கே நீண்ட நேரம் போகும். அரைவட்டப் பேரிங் ஓட்டின் முதுகுக்கும் அது அமரும் குழிக்கும் இடையே ஒரு துகளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஓடு உள்நோக்கிப் புடைத்து, எடுக்கும் அளவு அனைத்தையும் பொய்யாக்கிவிடும். பேரிங்கின் ஒரு பாதியைப் பிடித்துப் பூட்டும் கேப்புகளில் உள்ள இலக்கத்தையும் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியையும் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில்தான் பொருத்த வேண்டும். எஞ்சின் பிளாக்கும் கேப்புகளும் சேர்த்துப் பூட்டப்பட்டே துளையிடப்படுவதால், இடம் மாறிய கேப் ஒருபோதும் வட்டமாக அமராது.

ஜர்னலை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகர முடியாது. முன்னோரம், பின்னோரம் என இரு இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளந்தால்தான் சரிவும் நீள்வட்டத் தேய்வும் தெரியவரும். பிறகு ஓடுகளை இட்டு, கேப்புகளைப் பூட்டி, டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, உட்துளையின் விட்டத்தை, துளை அளக்கும் கருவியான போர் கேஜால் பார்த்து, அதிலிருந்து ஜர்னல் விட்டத்தைக் கழிக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஓடு நடுவில் தடித்தும் இரு பாதிகளும் சந்திக்கும் ஓரங்களில் சற்று மெலிந்தும் செய்யப்பட்டிருப்பதால், சேரும் கோட்டருகே அளப்பவருக்கு இடைவெளி மிகையாகத் தோன்றும். கணக்கில் கொள்ள வேண்டியது அக்கோட்டுக்குச் செங்குத்தான அளவே. அறை வெப்பமும் குறுக்கிடும்: 60 மி.மீ. எஃகுத் தண்டு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.007 மி.மீ. பருக்கும். வெயிலில் கிடந்த தண்டை நிழலில் இருந்த கருவியால் அளக்கக்கூடாது என்று ஆசிரியர் தடுத்ததன் பொருள், இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தபோதுதான் முழுமையாக விளங்கியது.

அதன்பின், நசுங்கும் இழையால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ். எஞ்சினைத் தலைகீழாக நிறுத்தி, எண்ணெய் துடைத்த ஜர்னலின் நீளவாக்கில் அந்த மெழுகு போன்ற இழையை வைத்து, கேப்பை உரிய இறுக்கத்துக்குப் பூட்டிக் கழற்றினால் இழை நசுங்கிப் பரந்திருக்கும். இழை எவ்வளவு அகலமாகப் பரந்திருக்கிறதோ இடைவெளி அவ்வளவு குறைவு. உறையில் அச்சிட்ட கோடுகளுடன் ஒப்பிட்டு அளவை வாசிக்கலாம். பச்சை இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும். இடையில் தண்டைச் சிறிது திருப்பினாலும் இழை இழுபட்டு வீணாகிவிடும். மைக்ரோமீட்டர் பழகியவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நான் அவ்வாறு பார்ப்பதில்லை. கழித்தல் கணக்கில் நுழையும் பிழை இதில் நுழையாது. இழையின் ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருந்தால் ஜர்னலின் சரிவும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அது வைத்த இடத்தை மட்டுமே காட்டும் என்பதால், மைக்ரோமீட்டர் முதலில், இழை அதன் சாட்சியாகப் பின்னர் என்ற எங்கள் பட்டறை வரிசையையே இன்றும் பின்பற்றுகிறேன். இரண்டும் முரண்பட்டால் ஓடுகளைக் கழற்றி மீண்டும் துடைப்பதே முதல் வேலை.

ஐந்து எண்களையும் சேர்த்து வாசிக்கவும் அவர் பழக்கினார். எல்லாமே ஒரே சீராகக் கூடியிருந்தால் தேய்வு. ஜர்னலைச் சாணை பிடித்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. குறை அளவுக்குரிய ஓடுகளை இடலாம். நடுவில் உள்ளது மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், புது ஓடு வாங்கும் முன் தண்டு வளைந்திருக்கிறதா, பிளாக்கின் துளைகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியென்றானபின் இழையின் எச்சத்தை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, ஓடுகளுக்குத் தாராளமாக எண்ணெய் பூசி இறுதியாகப் பூட்டுவோம். டயல் கேஜை முனையில் நிறுத்தித் தண்டை முன்னும் பின்னும் நெம்பி, நீளவாக்கு அசைவையும் குறித்துக்கொள்வோம். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுவதால், அந்தச் சுமையைத் தாங்கும் பக்கத்து திரஸ்ட் வாஷரே (நீளவாக்கு அசைவைக் கட்டுப்படுத்தும் தகடு) முதலில் தேயும். பழைய வாஷர்களின் தடிப்பையும் அளந்து குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் எண்ணெய்த் தொட்டியை மாட்ட அவர் அனுமதிப்பார்.