அவள் கேட்டது வேறு

"சார், கிளாஸ் பேரை மாத்தினா நம்பரும் மாறிடுமே?"

கடைகளுக்கான எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் பில், ஸ்டாக் என்று ஒவ்வொரு வகை டேட்டாவுக்கும் ஒரு கிளாஸ். ஃபைலில் சேமித்தது எந்த வகை என்று அடையாளம் காண, கிளாஸுக்கு ஒரு நம்பர். அந்த நம்பரைக் கிளாஸ் பெயரிலிருந்தே ஹாஷ் போட்டு, அதாவது எழுத்துகளைக் கலக்கி ஒரு எண்ணாக்கி, எடுக்கும்படி நான் மாற்றியபோது, என் டீமில் இருந்த அவள் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. "மோதாதும்மா. நம்மகிட்ட 140 கிளாஸ்தான். 32 பிட் ஹாஷ்ல ரெண்டுக்கு ஒரே நம்பர் விழ நாலு லட்சத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல. விழுந்தாலும் கம்பைலே ஆகாது, செக் போட்டிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதற்கு முன் அந்த நம்பர்கள் கவுண்டர் மேக்ரோவிலிருந்து வந்தன. கோடில் அதை எழுதிய இடத்தில் கம்பைலர் ஒரு எண்ணை விரித்துப் போடும். விரியும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டும். அதற்கு வேறு எதுவும் தெரியாது. யாராவது ஒரு ஹெடரை, அதாவது இன்னொரு கோட் ஃபைலை, நடுவில் செருகினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். பில்லாகச் சேமித்ததை ஸ்டாக் என்று படிக்கும். அதை ஒழித்துக்கட்டத்தான் கிளாஸ் பெயரையே எஃப்என்வி-1ஏ என்ற முறையில் ஹாஷ் ஆக்கினேன். 2166136261-இல் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தையும் எக்ஸார் செய்து, அதாவது பிட் பிட்டாகக் கலந்து, 16777619-ஆல் பெருக்கிக்கொண்டே போவது. சி++ மொழியின் சி++14 பதிப்பு முதல் இந்த லூப்பை, புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரே ஓட்டி முடித்துவிடும். கம்பைலர் தரும் டைப் பெயரைக்கூட நான் நம்பவில்லை. ஜிசிசி என்ற கம்பைலர் ஒரு மாதிரி எழுதும், கிளாங் என்ற கம்பைலர் இன்னொரு மாதிரி. மேக்ரோவில் பெயரை நேராக எடுத்தேன். இவ்வளவு யோசித்தவன்தான் நான்.

எட்டு மாதம் கழித்து ஒரு கிளாஸ் பெயரில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. ரிசீப்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடந்தது. திருத்தினேன். கம்பைல் ஆனது, டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆகாமல் என்ன? டெஸ்ட் தானே எழுதி, தானே படிக்கிறது. பழைய ஃபைலை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்டேட் போன கடைகளில் முந்தைய நாள் வரையிலான பில் ஒன்றும் திறக்கவில்லை.

டேட்டா அழியவில்லை, பழைய நம்பரையும் ஏற்கச் சொல்லி அன்று மாலையே சரிசெய்தோம். பெரிய விஷயமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கேள்வி புரியாமலா அப்படிப் பதில் சொன்னேன்? புரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. தெரிந்த பதில் ஒன்று கையில் தயாராக இருந்தது, அதற்கேற்ற கேள்வியாக அவளுடையதை வளைத்துக்கொண்டேன். ஆனால் அவளும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இல்லை, தலையாட்டத்தானே நான் விட்டேன்.

இப்போது ஒவ்வொரு கிளாஸுக்கும் கையால் எழுதிய தனி டேக், அதாவது ஒரு அடையாளச் சொல். ஹாஷ் அதிலிருந்துதான். ஒருவன் காப்பி பேஸ்ட் செய்து டேக்கை மாற்ற மறந்தபோது கம்பைல் நின்றது. என்னுடைய அந்த மோதல் செக்தான் பிடித்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. யாரிடம் நிரூபிக்கிறேன் என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது. அவள் அதற்குள் வேறு டீமுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பில் கிளாஸின் டேக்கில் மட்டும் எழுத்துப்பிழை அப்படியே இருக்கிறது, மேலே "தொடாதே" என்று ஒரு கமெண்டோடு. போன வாரம் புதுப் பையன் ஒருவன் அதைத் திருத்தி ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தான். காட்டமாக ஏதோ டைப் செய்தேன், அழித்தேன், அவன் இடத்துக்கே போனேன்.

"ஏன்பா மாத்தின?"

"தப்பா இருந்துச்சு சார்."