டிவி எண்ணிக்கையை வைத்து மட்டும் லீக்கை எடை போடாதீர்கள்

கனடாவில் சிஎஃப்எல் (ரக்பி போன்ற கனடிய ஃபுட்பால் லீக்) பெரிதா எம்எல்எஸ் (வட அமெரிக்கக் கால்பந்து லீக்) பெரிதா என்று பேச்சு வந்தாலே, எத்தனை பேர் டிவி பார்க்கிறார்கள் என்று அளக்கும் நியூமெரிஸ் நிறுவனத்தின் கணக்கை உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை, ஆனால் ஆட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா? சிஎஃப்எல் டிஎஸ்என் என்ற கட்டண விளையாட்டுச் சேனலில் வருகிறது, 2024-லிருந்து சில ஆட்டங்கள் இலவசச் சேனலான சிடிவியிலும் வருகின்றன, வீட்டில் ஒரு ஆன்டெனா இருந்தால் காசே கட்டாமல் பார்க்கலாம். எம்எல்எஸ்ஸோ 2023-இல் ஆப்பிளின் இணைய டிவி சேவைக்குப் போய்விட்டது, பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சந்தா வேண்டும்.

டொரன்டோவில் சிஎஃப்எல் அணியான ஆர்கோனாட்ஸும் எம்எல்எஸ் அணியான டொரன்டோ எஃப்சியும் ஆடுவது ஒரே பிஎம்ஓ மைதானத்தில். அங்கே கால்பந்துக்குத்தான் கூட்டம் அதிகம், டிவி கணக்கில் மட்டும் அது தலைகீழ்.

சரி, வசதி கொடுத்தால் மக்கள் பார்ப்பார்களா? 2019-இல் டொரன்டோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் என்பிஏ கோப்பை வென்ற ஆட்டத்தைச் சராசரியாக 77 லட்சம் பேர் பார்த்தார்கள், அதுவும் ஹாக்கி நாட்டில்! தன்னிடம் உள்ள மூன்று கனடிய அணிகளின் ஆட்டங்களில் வாரத்துக்கு ஒன்றையாவது எம்எல்எஸ் இலவச சேனலில் போடட்டும், அப்புறம் ஒப்பிடுவோம். வான்கூவரிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ரெஜைனா நகரத்தில் இருக்கும் ஒரு சிறுவன் வான்கூவரின் எம்எல்எஸ் அணியை வேறு எப்படிப் பார்ப்பான்?