இசிஇ எடுக்கலாமா அண்ணாச்சி?

இன்ஜினியரிங் கவுன்சிலிங் நெருங்கிவிட்டால் போதும், பாளையங்கோட்டையில் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். இசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். தாராளமாக எடுக்கலாம். ஆனால் எதற்கு என்று தெரிந்து எடுங்கள்.

முன்பெல்லாம் இசிஇ முடித்துவிட்டு நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் சாப்ட்வேர் பக்கம்தான் போனார்கள். இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடாவின் 4.3 ஜிகாவாட் சோலார் ஆலை 2025-இல் திறந்தாயிற்று. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும், அங்கே உற்பத்திப் பிரிவில் பெண்கள்தான் அதிகம். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் 2 ஓடுகின்றன, இன்னும் 4 கட்டுமானத்தில் இருக்கின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோ இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதற்காக வேலை நமக்கென்று ஒதுக்கிவைத்திருக்கவில்லை. அகில இந்தியப் போட்டி. அணுமின் கழகத்தில் பயிற்சி இன்ஜினியராகச் சேர, கேட் (GATE) என்கிற அகில இந்தியத் தேர்வின் மதிப்பெண் கேட்கிறார்கள். மூன்றாம் வருஷமே படிக்க உட்கார வேண்டும்.

தனியார் ஆலை என்றால் கை வேலை தெரிய வேண்டும். மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரையும், ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுகிற ஒரு சிலிக்கான் டயோடையும் கையில் கொடுத்தால் சோதிக்கத் தெரிய வேண்டும். மீட்டரை டயோடு மோடில் போட்டு ஒரு பக்கம் வைத்துப் பார்க்க 0.6, 0.7 வோல்ட் காட்ட வேண்டும், மாற்றி வைத்தால் மின்சாரம் போகவில்லை என்று ‘OL’ மாதிரி காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட், அதாவது கெட்டுப்போய்விட்டது. டிகிரி வாங்கியும் இது தெரியாமல் முழிக்கிற பயல்களைப் பார்த்திருக்கிறேன். லேப் ரெக்கார்டு மட்டும் அட்டை போட்டு ஜோராக இருக்கும்!

அப்புறம், கேம்பஸில் சாப்ட்வேர் வேலை வந்தால் வேண்டாமென்று முறுக்கிக்கொள்ள வேண்டாம். கல்விக் கடன் தவணை நிற்காது பாருங்கள்.