தண்ணி கொதிக்கும், பருப்பு வேகாது

ஏற்காட்டில் பருப்பு லேசில் வேகாது. மலையில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இது பழைய சங்கதி. கீழே சேலத்தில் வளர்ந்த எங்களுக்குப் பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில்தான் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதிப் பேர் வாந்தியெடுத்து, ஏரிக்கரையில் போய் இறங்கினால் சாப்பாடு தயாராகவில்லை. சாம்பார் வைத்துக்கொண்டிருந்த அம்மா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "இங்க தண்ணி சீக்கிரம் கொதிக்கும் கண்ணு, பருப்புதான் வேகாது."

எங்கள் அறிவியல் சார் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். ஸ்டவ்வில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் 95-ஐ ஒட்டி நின்றுவிட்டது. புத்தகத்தில் 100 என்று போட்டிருக்கிறதே!

"தெர்மாமீட்டர் ரிப்பேர் சார்" என்றான் ஒருவன்.

"இருக்கலாம்டா. எப்படிக் கண்டுபிடிப்பே?"

அடுத்த நாள் அதே தெர்மாமீட்டரைப் பள்ளி ஆய்வகத்தில் கொதிநீரில் வைத்தோம். 99 காட்டியது. தெர்மாமீட்டர் சரிதான், மலைதான் காரணம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிறது. அதற்கு மேல் சூடேறாது, பருப்பு எப்படி வேகும்? புத்தகம் சொன்னதும் பொய்யில்லை. கடல்மட்டக் கணக்கு என்ற ஒரு வார்த்தையை விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அரையாண்டுத் தேர்வில் நீரின் கொதிநிலை கேட்டிருந்தார்கள். எங்களில் ஒருவன் கடல்மட்டத்துக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று என்று மூன்று விடை எழுதினான். தாள் திருத்தியவர் வேறொரு ஆசிரியர். குறுக்கே கோடு போட்டு, சிவப்பு மையில் 'அதிகப்பிரசங்கி' என்று எழுதிக் கொடுத்தார். சார் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேசினாரோ, மதிப்பெண் வந்தது. அதிகப்பிரசங்கி மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது!

கேள்வி கேட்பது சேலத்துக்குப் புதிதில்லை. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் ஊர் மாநாட்டில்தான். நான் சொல்வதையும் உன் புத்திக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள் என்று பெரியார் மேடைக்கு மேடை சொன்னார். அதையும் யோசிக்காமல் ஒப்பிக்கிறவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அது தனிக் கதை.

என் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வயிற்றில் அல்சர். காரம் கூடாது, கவலை கூடாது, பால் குடி என்று எல்லா டாக்டர்களும் ஒரே பாட்டு. கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த மனிதர் கவலைப்படாமல் எப்படி இருப்பார்? வலி வரும்போதெல்லாம் தன் மேலேயே கோபப்படுவார். வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் வயிற்றில் கிருமி இருக்கிறது, அல்சருக்கு அதுதான் காரணம் என்றார்கள், நம்புவாரில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், வயிற்றில் அழற்சி வந்ததைச் சோதித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்பே அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து சேலத்துக்கு வந்துவிட்டது. ஓர் இளம் டாக்டர் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார், அப்பாவுக்குக் குணமாயிற்று. அப்புறம் அவர் முதலில் போன இடம் தட்டுவடை செட் கடை. காரச் சட்னியைக் கூடுதலாக வைக்கச் சொல்லிச் சாப்பிட்டார்.

எல்லாரும் ஒன்றைச் சொன்னால் சந்தேகப்படலாம், தப்பே இல்லை. ஆனால் மார்ஷல் சந்தேகத்தோடு நிற்கவில்லை. இப்போது எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் தடுப்பூசி பொய், டாக்டர்கள் எல்லாம் கூட்டுக் களவாணிகள் என்று தினம் ஒன்று வருகிறது. கேட்டால் "கேள்வி கேட்கக் கூடாதா?" என்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். எதை வைத்து அளந்தீர்கள் என்று நானும் கேட்பேன் இல்லையா? போன மாதம் அப்படிக் கேட்டதில் ஒரு நண்பர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நிர்வாகியிடம் நான்தான் சொல்லியிருக்கிறேன். வரட்டும், சண்டை பாதியில் நிற்கிறது.